பீப்பாயைக் கவிழ்த்த டாக்டர்

1857-ல் அல்மோராவில் பிறந்த ரொனால்டு ராஸ், ராணுவ டாக்டர். 1883-ல் பெங்களூரில் அவர் ஜன்னலருகே இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் ஒரே கொசுப்புழு. கவிழ்த்தார், வீட்டில் கொசு குறைந்தது!

பிறகு செகந்தராபாத். அறுத்து வைத்த கொசு பறந்துவிடக் கூடாதென்று காற்றுகூட வாங்காமல் உட்கார்ந்தார். வியர்வையில் மைக்ராஸ்கோப் திருகாணி துருப்பிடித்தது. மனுஷன் விடவில்லை. 1897 ஆகஸ்ட் 20-ல் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறுவருஷம் கல்கத்தாவில், கொசுக்கடியால் பறவைகளுக்கு மலேரியா பரவுவதை நிரூபித்தார். 1902-ல் நோபல் பரிசு, 1932-ல் மறைவு.

நண்பர்களே! டெங்குக் கொசுவும் வீட்டுத் தண்ணீரில்தான் பிறக்கிறது. வாரம் ஒருதரம் தொட்டியை எட்டிப் பாருங்க. புழு நெளிந்தால் கொட்டிக் கழுவிடுங்க. அதுக்கு நோபல் பரிசு கிடைக்காதுதான். ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தை காய்ச்சலில் படுக்காமல் பள்ளிக்கூடம் போகும்.