ரத்தத்தின் ரகசியத்தைக் கண்டவர்

சில தாய்மார்களுக்கு முதல் குழந்தை கொழுகொழுவென்று பிறக்கும். இரண்டாவது குழந்தையோ, பிறந்த அன்றே உடம்பெல்லாம் மஞ்சளாகிவிடும். சில நாளில் கண்ணை மூடிவிடும். அடுத்த குழந்தைக்கும் அதே கதிதான். காரணம் என்ன? டாக்டர்களுக்கே விளங்கவில்லை.

இந்தப் புதிர் விடுபட வழி செய்தவர், கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற விஞ்ஞானி.

தாய் வளர்த்த பிள்ளை

லாண்ட்ஸ்டைனர் 1868-ம் ஆண்டு ஜூன் 14-ந்தேதி ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற பத்திரிகையாளர். மகனுக்கு 6 வயது ஆனபோது அவர் காலமானார். தாயார்தான் வளர்த்து ஆளாக்கினார்.

1891-ல் லாண்ட்ஸ்டைனர் டாக்டருக்குப் படித்துத் தேறினார். ஆனால் அவர் மனம் ஆராய்ச்சியையே நாடியது.

ஒருவர் ரத்தத்தை மற்றவருக்குச் செலுத்தினால் அந்தக் காலத்தில் சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள். லாண்ட்ஸ்டைனர் தம் ரத்தத்தையும், தம்முடன் வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் எடுத்துக் கலந்து பார்த்தார். சில ரத்தம் ஒன்றோடொன்று சேர்ந்தது. சில ரத்தம் கட்டி கட்டியாகத் திரண்டது. மனித ரத்தத்தில் வகைகள் உண்டு என்று 1901-ல் அறிவித்தார். இதற்காக 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குரங்கு காட்டிய வழி

முதல் உலகப் போருக்குப் பிறகு வியன்னாவில் வறுமை தாண்டவமாடியது. லாண்ட்ஸ்டைனர் குடும்பத்துடன் ஹாலந்து சென்றார். பின்னர் அமெரிக்காவில் குடியேறினார்.

1940-ல் அவரும் வீனர் என்ற டாக்டரும், ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்து ஆராய்ந்தார்கள். அந்தக் குரங்கின் ரத்தத்தில் உள்ளதுபோன்ற ஒரு பொருள், 100-க்கு 85 பேர் ரத்தத்தில் இருந்தது. மற்றவர்களிடம் இல்லை. அதற்கு "ஆர்.எச்." என்று பெயரிட்டார்கள்.

முன்பு லாண்ட்ஸ்டைனரிடம் உதவியாளராக இருந்த பிலிப் லெவின், 1941-ல் குழந்தைகளின் காமாலைக்குக் காரணத்தை விளக்கினார்.

தாயிடம் ஆர்.எச். இல்லை, தந்தையிடம் இருக்கிறது. குழந்தைக்கு அது தந்தை வழியாக வந்துவிடுகிறது. முதல் பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் சிறிது தாயின் ரத்தத்தில் கலக்கிறது. தாயின் உடல் அதை எதிரி என்று நினைத்து, எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. அடுத்த குழந்தையின் ரத்த அணுக்களை அது அழிக்கிறது. அழிந்த அணுக்களிலிருந்து மஞ்சள் பொருள் பெருகுகிறது. பிஞ்சுக் கல்லீரலால் அதை வெளியேற்ற முடிவதில்லை. அதுவே காமாலை. மூளைக்குப் போனால் ஆபத்து.

தாய் மீதும் குற்றம் இல்லை. தந்தை மீதும் குற்றம் இல்லை!

கடைசி மூச்சு வரை

1943 ஜூன் மாதம், ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே லாண்ட்ஸ்டைனருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 2 நாளில் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 75.

1968-ல் இந்தக் காமாலையைத் தடுக்கும் ஊசி மருந்து வந்தது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் அதைத் தாய்க்குப் போட்டால், அடுத்த குழந்தைக்குப் பாதுகாப்பு. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு முதலிலேயே ரத்த வகை பார்க்கிறார்கள்.

பிறந்த குழந்தைகள் பலருக்கு லேசான காமாலை வந்து தானே மறையும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

லாண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14-ந்தேதி, இன்று உலக ரத்த தான தினம்.