நீளம் தாண்டிய நங்கை

விளையாட்டு விழாவன்று நீளம் தாண்டும் மணற்குழியைச் சுற்றி நின்று கைதட்டி ஆரவாரம் செய்கிறோமே, அந்த மணற்குழி ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அந்நாளில் உலகிலேயே மிக அதிக நீளம் தாண்டிய பெண்மணிக்கும் இதே கதிதான். அவர்தான் ஜப்பானிய வீராங்கனை கினுயே ஹிதோமி.

ஒக்காயாமா மாநிலத்தில், உழவர் குடும்பம் ஒன்றில் 1907ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பிறந்தார். பள்ளியில் முதலில் அவர் கையில் பிடித்தது டென்னிஸ் மட்டையைத்தான். நெடிய உருவமும் நீண்ட கால்களும் அவரை ஓடுகளத்துக்கு அழைத்து வந்தன. 1924இல் டோக்கியோ சென்று, நிக்கைடோ தொக்குயோ அம்மையார் பெண்களுக்கென நடத்திய உடற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் மகளிர் உடற்கல்விப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது அந்தப் பள்ளிதான். பெண்கள் அரைக்கால் சட்டையணிந்து பலர் முன்னிலையில் ஓடுவதைக் கண்டு ஊரார் முகம் சுளித்த காலம் அது. இவர் பெண்தானா என்று ஏளனமாகக் கேட்டவர்களும் உண்டு.

1926இல் ஒசாகாவில் ஒரு நாளிதழின் நிருபரானார். அதே ஆண்டு, சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இரண்டாவது உலக மகளிர் விளையாட்டுப் போட்டி நடந்தது. ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களுக்கு இடமில்லாததால், பிரான்சு நாட்டு ஆலிஸ் மிலியா அம்மையாரின் முயற்சியால் தோன்றிய போட்டி இது. ஜப்பானின் ஒரே வீராங்கனையாக, சைபீரியா வழியே நெடுந்தொலைவு ரயிலில் பயணம் செய்து வந்து சேர்ந்தார், பத்தொன்பதே வயதான கினுயே. நீளம் தாண்டுதலில் 5.50 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். நின்ற இடத்திலிருந்து தாண்டுவதிலும் முதலிடம், வட்டு எறிதலில் இரண்டாமிடம். தனிநபர் புள்ளிகளில் அவரே எல்லோருக்கும் மேல்! 1928 மே மாதம் 5.98 மீட்டர் தாண்டினார். அந்தச் சாதனையை 1939 வரை யாரும் முறியடிக்கவில்லை.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகத் தடகளத்தில் பெண்கள் அனுமதிக்கப்பட்டனர். அதுவும் ஐந்தே போட்டிகளில். நீளம் தாண்டுதல் அவற்றுள் இல்லை. எனவே கினுயே 100 மீட்டர் ஓட்டத்தை நம்பிச் சென்றார். அரையிறுதியில் தோற்றார். வெறுங்கையோடு நாடு திரும்புவதா என்று கலங்கியவர், அதுவரை போட்டியில் ஓடியே பழகாத 800 மீட்டர் ஓட்டத்தில் தம்மை ஓடவிடும்படி குழுவினரிடம் மன்றாடினார். ஆகஸ்ட் 2ஆம் நாள் இறுதிப் பந்தயம். பின்தங்கியிருந்தவர் ஒவ்வொருவராக முந்தி வந்தார். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். கினுயே 2 நிமிடம் 17.6 விநாடியில் இரண்டாவதாக வந்து, எல்லைக்கோட்டைக் கடந்ததும் சாய்ந்தார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவரே. நம் ஹாக்கி அணி முதல் தங்கம் வென்றதும் இதே ஒலிம்பிக்கில்தான்.

ஓடிய ஒன்பது பேரும் பந்தயத்தை முடித்தனர். ஆனால் பெண்கள் வழியெல்லாம் மயங்கி விழுந்ததாகச் சில நாளிதழ்கள் மிகைப்படுத்தி எழுதின. பந்தயம் முடிந்து களைத்துச் சாயும் ஆண்களைப் பற்றி யாரும் அப்படி எழுதுவதில்லை! இதன் விளைவாகப் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் நீக்கப்பட்டது. அது மீண்டு வர 1960 ஆயிற்று.

கினுயே அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1930இல் பிராக் நகரில் நடந்த மூன்றாவது மகளிர் போட்டிக்கு இளம் வீராங்கனையர் ஐவரைத் தம்முடன் அழைத்துச் செல்ல விரும்பினார். செலவுக்குப் பணமில்லை. பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று பேசி, மாணவியர் தந்த சிறு காசுகளைச் சேர்த்தார். பிராக்கில் 5.90 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஈட்டி எறிதலிலும் பரிசு பெற்றார். பின்னர் ஐரோப்பாவின் பல நகரங்களில் அடுத்தடுத்துப் போட்டிகள், நீண்ட கடற்பயணம். அத்தனைக்கும் பிறகு, எதிர்பார்த்த அளவு பரிசுகள் வரவில்லை என்று ஊரில் குறை கூறினர். நன்கொடை தந்தவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று ஓய்வில்லாமல் அலைந்தார். 1931இல் நுரையீரல் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஆகஸ்ட் 2ஆம் நாள், 800 மீட்டர் ஓடிய அதே தேதியில், சரியாக மூன்றாண்டுகளுக்குப் பின் கண்மூடினார். வயது 24.

பெண்களுக்கான நீளம் தாண்டுதல் 1948இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. கினுயேவுக்குப் பிறகு ஒலிம்பிக் தடகளத்தில் பதக்கம் பெற்ற அடுத்த ஜப்பானியப் பெண், 1992இல் மராத்தான் ஓடிய யூகோ அரிமோரி. அவருக்கும் சொந்த ஊர் ஒக்காயாமாதான்.