றொபேட் பன்சன் (1811 – 1899)

மாணவர்களே, ஆய்வுகூடத்தில் நீங்கள் பன்சன் சுடரடுப்பைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதற்குப் பெயர் தந்த விஞ்ஞானியே, நீரிலும் வளியிலும் கலந்துள்ள மாசுகளை ஒளியால் இனங்காணும் நிறமாலைப் பகுப்பாய்வுக்கும் வழிவகுத்தவர்.

பன்சன் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் 1811 இல் பிறந்தார். தந்தை ஒரு பேராசிரியர். 1831 இல் பன்சன் கலாநிதிப் பட்டம் பெற்றார். நீரேற்றிய இரும்பு ஒட்சைட்டு ஆசனிக்கு நஞ்சை முறிக்கும் என்பதை 1834 இல் எடுத்துக்காட்டினார். பின்னர் ஆசனிக்குச் சேர்வைகளை ஆராய்ந்தபோது ஏற்பட்ட வெடிப்பில் வலக் கண்ணின் பார்வையை இழந்தார். அந்நஞ்சினால் அவரது உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. ஆயினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை.

1852 இல் ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கு, கருவி செய்வதில் வல்லவரான தெசாகாவின் உதவியுடன் நிறமற்ற, வெப்பம் மிக்க சுவாலையைத் தரும் அடுப்பை அமைத்தார். அதற்கு அவர் ஆக்கவுரிமை பெறவில்லை.

நிறமற்ற சுவாலையில் உப்பொன்றை இட்டால் அதிலுள்ள உலோகத்தின் நிறம் தெளிவாகத் தோன்றும். சோடியம் மஞ்சள் நிறத்தையும் பொற்றாசியம் ஊதா நிறத்தையும் தரும். இரண்டும் கலந்திருப்பின் மஞ்சள் நிறம் ஊதாவை மறைத்துவிடும். இச்சிக்கலைத் தீர்க்க, சுவாலையின் ஒளியை அரியத்தினூடாகச் செலுத்துமாறு பௌதிகவியலாளர் கேர்ச்சோவ் ஆலோசனை கூறினார். 1859 இல் இருவரும் இணைந்து ஆராய்ந்து, ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய நிறக்கோடுகளைத் தருவதைக் கண்டனர். மனிதரின் விரலடையாளம் போன்றவை இக்கோடுகள்.

இம்முறையின் நுட்பம் வியப்புக்குரியது. அறையொன்றின் மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேற்றை வெடிக்கச் செய்தபோது, தொலைவிலிருந்த சுவாலையில் சோடியத்தின் மஞ்சள் கோடு தோன்றியது. ஒரு மில்லிகிராமின் 30 இலட்சத்தில் ஒரு பங்கையும் இனங்காணலாம் என அவர்கள் கணித்தனர். 1860 இல் கனிய நீரிலிருந்து சீசியத்தையும், 1861 இல் உருபீடியத்தையும் இம்முறையால் கண்டுபிடித்தனர்.

ஒரு மூலகம் தான் காலும் ஒளியையே உறிஞ்சவும் செய்யும் என கேர்ச்சோவ் விளக்கினார். இத்தத்துவத்தைக் கொண்டு அலன் உவோல்ஷ் 1955 இல் அணு உறிஞ்சல் முறையை வெளியிட்டார். மாதிரியை அணுக்களாக்கி, அது உறிஞ்சும் ஒளியை அளந்தால், அதிலுள்ள ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்களின் அளவை அறியலாம். இவை நீரின் நிறத்தை மாற்றாத சிறிய அளவிலும் தீங்கு விளைவிப்பவை. எனவே, கண்ணுக்குத் தெரியாததை அளவிடும் இம்முறை உயிர் காக்கின்றது.

பன்சன் 1899 இல் காலமானார்.

நினைவிற் கொள்ளுங்கள்
1. நிறக்கோடுகளின் அமைவு மூலகம் எது என்பதைக் காட்டும்.
2. உறிஞ்சப்படும் ஒளியின் அளவு, மூலகம் எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும்.