பாலுவுக்குப் பந்து கிடைத்தது, மட்டை கிடைக்கவில்லை

நம் தெருப் பிள்ளை ஒருவன் விளையாட்டு விழாவில் பரிசு வாங்கினால், அது அவனுக்குப் பிறவியிலேயே வந்தது என்று பாராட்டுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாராட்டில் அவன் உழைப்பு மறைந்துபோகிறது. பயிற்சி கொடுக்க வேண்டியவர்களின் பொறுப்பும் கழன்றுவிடுகிறது. பல்வாங்கர் பாலுவின் வாழ்க்கையை மாணவர்கள் படிக்க வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

பாலு 1876இல் தார்வாரில் பிறந்தார். தோல் தொழில் செய்த சமார் சாதி. தந்தை புனேயில் ராணுவத்தில் வேலை பார்த்தார். அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையும் பந்தும்தான் பாலுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகிய சாமான்கள். பார்சிகளின் கிரிக்கெட் மன்றத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுக்கும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 3 ரூபாய். பிறகு வெள்ளையர்களின் புனே மன்றத்தில் 4 ரூபாய்.

அங்கே கிரீக் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடுவார். பாலுவைப் பந்து போடச் சொல்லி மணிக்கணக்கில் பயிற்சி எடுப்பார். தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, தேர்ந்த மட்டையாளர்களுக்கு நாள்தோறும் பந்து போட்டுப் போட்டுத்தான் அந்த இடதுகைச் சுழல் கூர்மை பெற்றது. ஆனால் ஒருநாள்கூட அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. வேலைக்காரன் பந்து போடலாம். மட்டை பிடிப்பது துரைமாரின் உரிமை.

வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற ஆசையில் புனேயின் இந்து அணி பாலுவைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவர் வெளியே நிற்க வேண்டும். மண் குவளையில் தேநீர் வரும். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி இடம்.

1896இல் பம்பாய்க்குப் போனார். 1906, 1907 ஆண்டுகளில் இந்து அணி வெள்ளையரைத் தோற்கடித்ததில் அவர் பந்துவீச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று 114 விக்கெட் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 35. இளைஞராக இருந்த அம்பேத்கர் அவரைப் பெருமையோடு பார்த்தார்.

இவ்வளவு செய்தும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1920இல் தம்பிகள் ஆட மறுத்து எதிர்ப்புக் காட்டிய பிறகே துணைத்தலைவர் பதவி வந்தது. 1923இல் தம்பி விட்டல் தலைவரானார். அந்த ஆண்டு அணி கோப்பையை வென்றது. விட்டல் சிறந்த மட்டையாளர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அண்ணனுக்கு மறுக்கப்பட்ட மட்டை தம்பிக்குக் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். திறமை ரத்தத்தில் இருக்கிறது என்பவர்களுக்கு இந்த ஒரு குடும்பமே பதில்.

பின்னாளில் அரசியலுக்கு வந்தார். 1932இல் நம் சென்னையின் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து தனித்தொகுதி விவகாரத்தில் அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராகப் போட்டியிட்டுத் தோற்றார். அந்த அரசியலில் நமக்கு உடன்பாடு இல்லை. அதற்காக அவர் களத்தில் சாதித்ததை மறக்கவும் முடியாது. 1955இல் மறைந்தார்.

பாலுவுக்கு இயற்கையான திறமை இருந்திருக்கலாம். அதே திறமையோடு ஆடுகளத்துப் பக்கமே போக முடியாமல் மாண்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இன்று நம் ஊர்ப் பள்ளியில் பந்து இருக்கிறதா, உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா, மைதானத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஆடுகிறார்களா என்று பெற்றோர் போய்ப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கேட்க வேண்டும். மாணவர்களே, பந்து எடுத்துப்போட மட்டும் உங்களைக் கூப்பிட்டால், மட்டையையும் கேளுங்கள்.