ஜோன் நியூற்றன் (1725 – 1807): மன்னிப்பிலிருந்து நீதிக்கு



மன்னிப்பு, மனமாற்றம், நீதி ஆகிய மூன்றும் கிறிஸ்தவ வாழ்வு பற்றிய பாடங்களில் நீங்கள் அடிக்கடி சந்திக்கும் சொற்கள். இவற்றுக்குத் தனித்தனியே வரைவிலக்கணம் எழுதுவது இலகு. இவை ஒன்றுடனொன்று எவ்வாறு தொடர்புபடுகின்றன என விளக்குவதே கடினம். ஜோன் நியூற்றனின் வாழ்க்கை வரலாறு அந்தத் தொடர்பைத் தெளிவாக உணர்த்துகின்றது. ஈர்ப்பு விதியை வெளியிட்ட விஞ்ஞானி ஐசாக் நியூற்றன் வேறொருவர் என்பதை முதலில் மனதிற் கொள்ளுங்கள்.

1. இளமைக் காலம்

ஜோன் நியூற்றன் 1725 ஆம் ஆண்டு இலண்டன் நகரின் துறைமுகப் பகுதியான வொப்பிங்கில் பிறந்தார். தந்தை ஒரு வணிகக் கப்பலின் தலைவர். தாயார் பக்தி நிறைந்தவர். மகனுக்குச் சிறு வயதிலேயே வாசிக்கவும் செபிக்கவும் கற்பித்ததுடன், அவன் ஒரு நாள் இறைபணியாளனாக வேண்டும் எனவும் விரும்பினார். எனினும் நியூற்றனுக்கு ஏழு வயது நிறைவதற்கு முன்னரே அவர் காசநோயால் இறந்துவிட்டார்.

பதினொரு வயதில் நியூற்றன் தந்தையுடன் கடலுக்குச் சென்றார். வளர வளர நம்பிக்கையை இழந்து, கடவுளைப் பழித்துப் பேசுவதிற் பெருமை கொண்டார். 1744 இல் அரச கடற்படையிற் பலவந்தமாகச் சேர்க்கப்பட்டார். பின்னர் தப்பியோடிப் பிடிபட்டார். சாட்டையடியும் பதவியிறக்கமும் அவருக்குத் தண்டனையாகக் கிடைத்தன. 1745 இல் ஆபிரிக்கா செல்லும் அடிமை வியாபாரக் கப்பலொன்றுக்கு அவர் மாற்றப்பட்டார்.

2. அடிமை வியாபாரம் என்றால் என்ன?

இங்கே சற்று நின்று அக்காலப் பின்னணியை விளங்கிக்கொள்வோம். லிவர்பூல் போன்ற துறைமுகங்களிலிருந்து துணி, துப்பாக்கி, உலோகப் பொருட்கள் என்பவற்றை ஏற்றிய கப்பல்கள் மேற்கு ஆபிரிக்கக் கரைக்குச் சென்றன. அங்கே அப்பொருட்களைக் கொடுத்து மனிதர்களை வாங்கின. விலங்கிடப்பட்ட அம்மனிதர்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் விற்கப்பட்டனர். அங்கிருந்து சீனி, புகையிலை முதலியன ஐரோப்பாவுக்குத் திரும்பின. இவ்வியாபாரம் நடைபெற்ற நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 1 கோடி 25 இலட்சம் ஆபிரிக்கர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என வரலாற்றாசிரியர்கள் கணிப்பிட்டுள்ளனர். அவர்களில் பதினெட்டு இலட்சம் பேர் வரையில் கடற்பயணத்திலேயே மாண்டனர்.

அக்காலத்தில் இது சட்டபூர்வமான தொழில். ஆலயத்துக்குச் செல்லும் கனவான்களும் இதில் முதலீடு செய்தனர். இந்த உண்மையை மறவாதீர்கள். நியூற்றனின் கதையை விளங்கிக்கொள்ள இது அவசியம்.

3. தீவிலும் புயலிலும்

நியூற்றன் இன்றைய சியராலியோன் நாட்டின் கரையோரத் தீவொன்றில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்கு அமர்ந்தார். அங்கே நோயுற்றுப் பட்டினி கிடந்தார். வீட்டாரின் ஏளனத்துக்கும் ஆளானார். அவரிடம் எஞ்சியிருந்தது ஒரு கேத்திரகணித நூல் மாத்திரமே. கடற்கரை மணலில் உருவங்களை வரைந்து அதனைக் கற்றார். இறுதியில், தந்தையின் வேண்டுகோளின்படி அவரைத் தேடிய ஒரு கப்பற்றலைவர் அவரை மீட்டார்.

1748 மார்ச்சில் அந்தக் கப்பல் வட அத்திலாந்திக்கிற் கடும் புயலில் அகப்பட்டது. நியூற்றன் மேற்றளத்துக்கு ஏறும்போது தலைவர் அவரை ஒரு கத்தி எடுத்து வரும்படி திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதிலாக மேலே ஏறிய மாலுமியை அலை அடித்துச் சென்றது. நீரை இறைத்தும் சுக்கானைப் பிடித்தும் களைத்த நிலையில், பல ஆண்டுகளின் பின்னர் நியூற்றன் கடவுளின் இரக்கத்தை நாடினார். உடைந்த கப்பல் ஏறத்தாழ நான்கு வாரங்கள் அலைந்து அயர்லாந்துக் கரையை அடைந்தது. அந்த நாளை அவர் வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார்.

4. மாறியது எது? மாறாதது எது?

பலர் இக்கதையை இந்த இடத்திலேயே முடித்துவிடுவர். புயலிலிருந்து தப்பியதும் நியூற்றன் அடிமை வியாபாரத்தைக் கைவிட்டார் என எழுதுவர். இது தவறு.

புயலுக்குப் பின்னர் அவர் தூஷணம் பேசுவதை நிறுத்தினார், வேதாகமத்தை வாசித்தார், செபித்தார். ஆயினும் அதே ஆண்டிலேயே அடிமைக் கப்பலொன்றில் உதவித் தலைவராகப் புறப்பட்டார். 1750 இல் மேரி கற்லெற் என்பவரை மணந்தார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அவரே அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தார்.

அக்கப்பலை மனக்கண்ணாற் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்றளத்தில் நியூற்றன் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்துகிறார். அதே தளத்தின் கீழே மனிதர்கள் திரும்பிப் படுக்கவும் இடமின்றி விலங்குகளுடன் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கிறார்கள். கிளர்ச்சி செய்யத் திட்டமிட்டனர் என்ற சந்தேகத்தில் அடிமைச் சிறுவர்களின் பெருவிரல்களை நசுக்கும் திருகுக் கருவியைத் தாம் பயன்படுத்தியதை அவரே தமது கப்பற் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். மேலே செபம், கீழே சங்கிலி. இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதை அன்று அவர் காணவில்லை.

1754 இல் அவர் கடல் வாழ்க்கையைக் கைவிட்டதற்கும் மனச்சாட்சி காரணமன்று. பயணம் புறப்படும் தறுவாயில் ஏற்பட்ட திடீர் நோயே காரணம்.

மாணவர்களே, இதிலிருந்து நாம் அறிவது யாது? மனமாற்றம் ஒரு நாளில் தொடங்கலாம். ஆனால் ஒரு நாளில் நிறைவடைவதில்லை. தனது பேச்சையும் பழக்கத்தையும் திருத்திக்கொண்ட ஒருவர், தன் தொழிலும் தன் சமுதாயமும் பிறருக்கு இழைக்கும் அநீதியைக் காணாமலே வாழ முடியும்.

5. குருவானவர் நியூற்றன்

1755 இல் லிவர்பூல் துறைமுகத்திற் சுங்கப் பகுதி உத்தியோகத்தரான நியூற்றன், ஓய்வு நேரத்தில் கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைக் கற்றார். பல தடவைகள் மறுக்கப்பட்ட பின்னர், 1764 இல் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு ஓல்னி என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஏழைத் தொழிலாளர்களுக்குப் பணியாற்றினார். மனநோயால் வருந்திய கவிஞர் வில்லியம் கூப்பருக்கு உற்ற நண்பராக விளங்கினார். இருவரும் இயற்றிய ஞானப்பாடல்களின் தொகுதி 1779 இல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் பாடப்படும் ‘அமேசிங் கிறேஸ்’ பாடல், 1773 புத்தாண்டு வழிபாட்டுக்காக நியூற்றன் எழுதியதாகும். புயலுக்கும் இப்பாடலுக்கும் இடையே ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழிந்தன என்பதைக் கவனியுங்கள்.

6. உண்மையைச் சொல்லும் நேரம்

1780 இல் நியூற்றன் இலண்டனிலுள்ள புனித மேரி வூல்நொத் ஆலயத்துக்கு மாற்றம் பெற்றார். 1785 டிசெம்பரில் 26 வயதான பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவரிடம் ஆலோசனை கேட்டு வந்தார். அவரே வில்லியம் வில்பர்போர்ஸ். புதிதாக ஆழ்ந்த நம்பிக்கை பெற்ற அவர், அரசியலைத் துறக்கலாமா என எண்ணியிருந்தார். பாராளுமன்றத்திலே இருந்துகொண்டே கடவுளுக்குப் பணி செய்யும்படி நியூற்றன் அறிவுறுத்தினார். வில்பர்போர்ஸ் அதனை ஏற்றார். சில ஆண்டுகளுள் அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் எழுந்த முதன்மைக் குரல் அவருடையதாயிற்று.

1788 இல் நியூற்றன் ஆபிரிக்க அடிமை வியாபாரம் பற்றிய சிறுநூலொன்றை வெளியிட்டார். கப்பல்களிற் கண்டவற்றையும் தாம் செய்தவற்றையும் அதில் மறைக்காமல் எழுதினார். அக்கொடுமையில் தாமும் பங்காளி எனவும், தமது அறிக்கை மிகவும் தாமதித்து வருகின்றது எனவும் ஒப்புக்கொண்டார். அந்நூல் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டது. அதே ஆண்டில் கோமறைக் கழகத்தின் முன்னும், 1790 இல் பாராளுமன்றக் குழுவின் முன்னும் அவர் சாட்சியமளித்தார்.

இது இலகுவான செயலன்று. மக்கள் மதிக்கும் முதிய குருவானவர் ஒருவர் தமது பழைய வெட்கத்தை நாட்டின் முன் தாமே திறந்து காட்டினார். அடிமை வியாபாரிகள் தமது கப்பல்களில் எல்லாம் நலமே எனக் கூறிவந்தனர். கப்பற்றலைவராக இருந்த ஒருவரின் சாட்சியத்தை அவர்களால் இலகுவில் ஒதுக்க முடியவில்லை.

7. இறுதிக் காலம்

1790 இல் மனைவியை இழந்தார். முதுமையிற் பார்வை மங்கியது. ஆயினும் எண்பது வயதைக் கடந்தும் பிரசங்கித்தார். 1807 மார்ச் 25 இல் பிரித்தானியாவின் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் அரச அங்கீகாரம் பெற்றது. அதே ஆண்டு டிசெம்பர் 21 இல் நியூற்றன் தமது 82 ஆவது வயதிற் காலமானார். அச்சட்டம் வியாபாரத்தை மாத்திரமே தடுத்தது. பிரித்தானியக் குடியேற்றங்களில் ஏற்கெனவே அடிமைகளாயிருந்தோரின் விடுதலைக்கான சட்டம் 1833 இலேயே நிறைவேறியது.

8. நாம் கற்கும் பாடம்

லூக்கா நற்செய்தி 19 ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயுவை நினைவுகூருங்கள். இயேசு அவனது வீட்டுக்கு வந்தார். அவன் ஏற்றுக்கொள்ளப்பட்டான். உடனே தான் ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். நியூற்றனுக்கு அந்த நிலைக்கு வர நாற்பது ஆண்டுகள் சென்றன. அந்த நாற்பது ஆண்டுகளும் கப்பல்களில் இறந்தவர்களுக்குத் திரும்பி வரப்போவதில்லை. இதை அவர் அறிந்திருந்தார். அதனாலேயே மன்னிப்புப் பெற்றேன் என்ற ஆறுதலுடன் நின்றுவிடாமல் உண்மையைச் சொன்னார்.

எனவே, மன்னிப்பு நடந்ததை மறைக்கும் திரையன்று. அது உண்மையைச் சொல்லும் துணிவைத் தருகின்றது. அந்த உண்மை பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைக்க வழி செய்கின்றது. உங்கள் வாழ்விலும் இதனைச் சோதித்துப் பாருங்கள். வகுப்பில் ஒருவரைப் பற்றிப் பொய் கூறிவிட்டுக் கடவுளிடம் மாத்திரம் மன்னிப்புக் கேட்டாற் போதுமா? அந்தப் பொய்யைக் கேட்டவர்களிடம் சென்று உண்மையைச் சொல்லும்போதே உங்கள் மனமாற்றம் அந்த நண்பனுக்கும் பயன் தருகின்றது.

நினைவிற் கொள்க

1725 – பிறப்பு
1748 – புயலும் மனமாற்றத்தின் தொடக்கமும்
1754 – கடல் வாழ்க்கையின் முடிவு
1764 – குருவாகத் திருநிலைப்படுத்தப்படல்
1785 – வில்பர்போர்ஸ் ஆலோசனை கேட்டு வருதல்
1788 – சிறுநூலும் சாட்சியமும்
1807 – அடிமை வியாபாரத் தடைச் சட்டம், மறைவு

பயிற்சி வினாக்கள்

1. நியூற்றனின் மனமாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது என்பதற்கு மூன்று சான்றுகள் தருக.
2. வில்பர்போர்சுக்கு நியூற்றன் வழங்கிய ஆலோசனை யாது? அதன் விளைவை விளக்குக.
3. சக்கேயு, நியூற்றன் ஆகியோரிடையே காணப்படும் ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.
4. மன்னிப்புப் பெற்றவர் நீதிக்காகவும் உழைக்க வேண்டும் என்பதை உமது பாடசாலை வாழ்விலிருந்து ஓர் உதாரணம் மூலம் விளக்குக.

குறிப்பு: முதலாம் வினாவுக்கு விடை எழுதும்போது ஆண்டுகளை மாத்திரம் குறிப்பிட்டு நிறுத்த வேண்டாம். அவ்வவ் ஆண்டில் அவரிடம் மாறியது எது, மாறாதிருந்தது எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.