படத்தில் இடமில்லை, இசையில் இருந்தார்: 'ரோலிங் ஸ்டோன்ஸ்' பியானோ கலைஞர் இயன் ஸ்டூவர்ட்

உலகப் புகழ்பெற்ற 'ரோலிங் ஸ்டோன்ஸ்' ராக் இசைக்குழுவின் நிறுவனர்களுள் ஒருவராக இருந்தும், அதன் விளம்பரப் படங்களில் இடம் மறுக்கப்பட்டவர் பியானோ கலைஞர் இயன் ஸ்டூவர்ட். உரிய புகழைப் பெறாத கலைஞராகவே ரசிகர்கள் அவரை இன்றும் நினைவுகூர்கின்றனர்.

ஸ்காட்லாந்தின் பிட்டன்வீம் என்ற கடலோரக் கிராமத்தில் 1938 ஜூலை 18-ஆம் தேதி பிறந்தவர் ஸ்டூவர்ட். புதிய குழுவுக்குக் கலைஞர்கள் தேவை என 1962-இல் பிரையன் ஜோன்ஸ் வெளியிட்ட விளம்பரத்தைக் கண்டு முதலில் வந்தவர் அவரே. மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் பின்னரே இணைந்தனர்.

ஆனால், குழுவில் ஆறு பேர் அதிகம் என்றும், ஸ்டூவர்ட்டின் தோற்றம் பொருந்தவில்லை என்றும் கருதிய மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம், 1963 மே மாதம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினார். ஸ்டூவர்ட் விலகிச் செல்லவில்லை. குழுவின் வேனை ஓட்டினார், இசைக்கருவிகளைப் பராமரித்தார், பாடல் பதிவுகளில் பியானோவும் வாசித்தார். 1971-இல் வெளியான 'பிரவுன் சுகர்' பாடலில் ஒலிப்பது அவரது பியானோவே.

பூகி-வூகி இசையில் தோய்ந்திருந்த அவர், சோகச் சாயல் கொண்ட மைனர் கார்டுகளை வாசிக்க மறுப்பவர். அத்தகைய பாடல்களுக்கு வேறு கலைஞர்களே வாசித்தனர். 'லெட் செப்பலின்' குழுவின் 'ராக் அண்ட் ரோல்' பாடலிலும் அவரது பங்களிப்பு உண்டு.

1985 டிசம்பர் 12-ஆம் தேதி, லண்டனில் மருத்துவரைக் காணக் காத்திருந்தபோது மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 47. மறு ஆண்டு வெளியான 'டர்ட்டி வொர்க்' இசைத்தொகுப்பை அவருக்குக் காணிக்கையாக்கிய குழுவினர், அதன் இறுதியில் அவரது பியானோ இசைத்துணுக்கைச் சேர்த்தனர்.

1989-இல் அமெரிக்காவின் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் குழுவுக்கு வழங்கப்பட்டபோது, உறுப்பினர்களுள் ஒருவராக ஸ்டூவர்ட்டின் பெயரும் இடம்பெற்றது. நீக்கப்பட்டு 26 ஆண்டுகளுக்குப் பின்னர் கிடைத்த அந்த அங்கீகாரத்தைக் காண அவர் உயிருடன் இல்லை.