மூச்சுத் தசைக்கும் விடை தேடிய சுப்பாராவ்

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜொகூர், மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டியது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அத்தகைய புகைமூட்ட நாள்களில் ஆஸ்துமா உள்ளவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். நம் மூச்சுக்குழாய்களைச் சுற்றி மென்தசைகள் வளையம்போல் அமைந்துள்ளன. அவை இறுகினால் காற்றுப்பாதை குறுகி இளைப்பு உண்டாகும். தளர்ந்தால் மூச்சு சீராகும்.

தசை இயங்கத் தேவையான சக்தி எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர், சென்னையில் மருத்துவம் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12ஆம் தேதி அவர் பிறந்தார். மெட்ரிக்குலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேர்ச்சி பெற்றார். சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அடுத்தடுத்துப் பறித்தது. அவரையும் அந்நோய் வாட்டியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் படித்தார். செலவுக்காக மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக வேலை செய்தார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, உடல் திரவங்களில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அந்த முறையே அடுத்த கண்டுபிடிப்புகளுக்கு வழிவிட்டது. 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் ஏ.டி.பி.யையும் இருவரும் கண்டறிந்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார்.

தசை இறுகுவதற்கு மட்டுமல்ல, இறுக்கம் விட்டுத் தளர்வதற்கும் ஏ.டி.பி. வேண்டும். இறந்த உடல் விறைத்துப் போவது அது தீர்ந்துவிடுவதால்தான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கு டைஎத்தில்கார்பமசின் என்ற மருந்தும் அக்குழுவிடமிருந்தே வந்தது.

இந்த மருந்துக்கும் மூச்சுக்கும் தொடர்பு உண்டு. யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் சிலருக்கு நுரையீரலில் சிக்கி, இரவில் இருமலையும் இளைப்பையும் கிளப்பும். பார்ப்பதற்கு ஆஸ்துமா போலவே இருக்கும். டைஎத்தில்கார்பமசின் புழுக்களை ஒழித்து அந்த இளைப்பைத் தணித்தது.

வேறொரு செய்தி பின்னர் தெரிய வந்தது. நம் உடலால் தானே தயாரிக்க முடியாத, உணவிலிருந்தே பெற வேண்டிய கொழுப்பு அமிலங்களுள் ஒன்று லினோலிக் அமிலம். உடல் அதிலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தை உருவாக்குகிறது. அது இரு வழிகளில் பிரிகிறது. ஒரு வழியில் உண்டாகும் லூக்கோட்ரையீன்கள் மூச்சுக்குழாய்த் தசையை இறுக்குகின்றன. மற்றொரு வழியில் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 அதைத் தளர்த்த உதவுகிறது. டைஎத்தில்கார்பமசின் லூக்கோட்ரையீன் உருவாவதைக் குறைக்கும் என்று 1980களில் ஆய்வாளர்கள் காட்டினர். புழுவுக்கென உருவான மருந்து, தசையை இறுக்கும் பொருளுக்கும் தடை போட்டது!

இதை அறிய சுப்பாராவ் உயிரோடு இல்லை. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், நியூயார்க்கில் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். நோபல் பரிசு அவரை எட்டவில்லை. 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

மாணவர்களே, உயிரியல் பாடத்தில் ஏ.டி.பி. என்ற மூன்று எழுத்துகளைப் படிக்கும்போது, இரண்டு முறை தேர்வில் தோற்ற அந்த இளைஞரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.